கதவுக்கு உட்பக்கம்

ரங்கூனில் எங்கள் கோயில் மண்டபத்தில் 1953ஆம் ஆண்டு வெளிவந்த ‘தேவதாஸ்’ படத்தைத் திரையிட்ட மறுநாள், ஏற்பாட்டுக் குழுவிலுள்ள பெரியவர் ஒருவர் சொன்ன கருத்து எனக்குள் அடங்க மறுக்கிறது. “இனிமே இந்த மாதிரி அழுகைப் படம் வேணாம் தம்பி. பெரியவங்க அழுவுறாங்க, பிள்ளைங்க சிரிக்குதுங்க. ஒரே மண்டபத்துல ரெண்டு கூட்டம். அடுத்த தடவை எல்லாரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி புதுப் படமாப் போடுவோம்” என்றார். தம் கைப்பணத்தைச் செலவழித்து எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தி வருபவர் அவர். அவர் சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர் கண்ணால் கண்டதிலும் பிழையில்லை. அன்று அழுகையும் கேட்டது, சிரிப்பும் கேட்டது. ஆனால் மண்டபத்தில் இரண்டு கூட்டம் இருந்தது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை அவரிடம் வாய்ப்பேச்சில் சொல்லத் தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கதையைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஜமீன் வீட்டுப் பையன் தேவதாசும் பக்கத்து வீட்டுப் பெண் பார்வதியும் ஒன்றாக வளர்ந்ததையும், கௌரவம் குறுக்கே வந்து நின்றதையும், அவன் குடித்து அழிந்ததையும் தமிழர் எவரும் அறிவர். எங்கள் மண்டபத்தின் முன் வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டிகள், அடுத்து யார் என்ன பேசப்போகிறார்கள் என்பதைத் திரைக்கு முந்தியே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பின் வரிசைகளில் பிள்ளைகள். வீட்டில் பாதித் தமிழும் தெருவில் முழுப் பர்மியமுமாக வளர்பவர்கள். தொலைக்காட்சியில் கொரியத் தொடர்களைப் பர்மிய எழுத்து ஓடப் பார்த்துப் பழகியவர்கள். 1953ஆம் ஆண்டின் வசனத் தமிழ் அவர்களுக்கு எட்டாது என்பதால், தமிழ் வகுப்பின் இளம் ஆசிரியை, பிள்ளைகள் எல்லாரும் சயாமா என்றே அழைக்கும் பெண், நடு வரிசையில் உட்கார்ந்துகொண்டு தாழ்ந்த குரலில் பர்மியத்தில் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரல் எங்கே தடுமாறியது, எங்கே நின்றது என்பதைக் கேட்டுக்கொண்டிருந்ததே எனக்கு இன்னொரு படம் பார்த்தது போல இருந்தது.

சிரிப்பு எங்கே வந்தது

சிரிப்பு வந்த இடங்களை நான் கூர்ந்து கவனித்தேன். தாடி வளர்ந்து, சால்வை தோளில் சரிய நாகேஸ்வரராவ் திரையில் தோன்றியவுடன் பின்னால் இருந்து ஒரு பையன் ஏதோ சொல்ல, அந்த வரிசை முழுவதும் சிரித்தது. கண்டசாலாவின் குரலில் ‘உலகே மாயம்’ தொடங்கியபோது சிரிப்பு இன்னும் பலத்தது. முன் வரிசையில் ஓர் அம்மா திரும்பிப் பார்த்து “சும்மா இருங்கடா” என்று அதட்டினார். அந்தப் பிள்ளைகளிடம் எனக்குச் சிறிதும் கோபம் வரவில்லை. மூலத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் கேலியைப் பார்த்துவிட்டவர்கள் அவர்கள். தாடி, புட்டி, பக்கத்தில் ஒரு நாய் என்று எத்தனை நகைச்சுவைக் காட்சிகள் இந்தப் படத்தைப் போலி செய்திருக்கின்றன! காதலில் தோற்று முகம் வாடி நிற்கும் எந்தப் பையனுக்கும் தேவதாஸ் என்று பெயர் வைப்பது எங்கள் ஊரிலும் உண்டு. நகல்களைக் கண்டு சிரித்துப் பழகியவர்களுக்கு அசலும் முதலில் நகலாகத்தான் தெரியும். அதற்கு அவர்களைக் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் அந்தப் பாடலை முழுவதும் கேட்டவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். அது கேலிக்கு எளிதில் வளைந்துகொடுக்கும் அளவுக்கு அளவு மீறிய பாடல்தான். அந்த அளவு மீறலை நம்பவைப்பது கண்டசாலாவின் நிதானம். குடித்தவன் குரல் என்று காட்டுவதற்காக அவர் எங்கும் சுருதியைக் கலைக்கவில்லை. நாகேஸ்வரராவும் தள்ளாடுவதைக் குறைத்துக்கொண்டு கண்ணிமையில்தான் போதையை வைத்தார். அந்தச் சோர்வு இயல்பாக அமைய வேண்டும் என்று குடிக்காட்சிகளை இரவில் படமாக்கியதாகச் சொல்வார்கள். இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் படம் வெளிவருவதைப் பார்க்கவில்லை. 1952இல் அவர் இறந்துவிட, எஞ்சிய வேலையை அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்துக் கொடுத்தார்கள். வாழ்க்கையே மாயம் என்னும் பாடலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவும் சேர்ந்தே வரும். இதையெல்லாம் பிள்ளைகளிடம் படத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் சிரிப்பு குறைந்திருக்குமா என்றால், குறைந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சிரித்து முடித்த பிறகுதான் அவர்கள் படத்துக்குள் வந்தார்கள்.

அவர்களை உள்ளே அழைத்து வந்தவள் பார்வதி. நள்ளிரவில் தனியே அவன் அறைக்கு அவள் வரும் இடத்தில் சயாமாவின் குரல் ஒரு கணம் நின்றது. கோயில் மண்டபத்தில், பெரியவர்கள் முன்னிலையில், ஒரு பெண் தானாக வந்து தன்னை ஏற்றுக்கொள்ளும்படி கேட்பதை எப்படிச் சொல்வது என்ற தயக்கமாக இருந்திருக்கலாம். பின்பு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பின் வரிசை அப்படியே அடங்கிப்போயிற்று. அந்த அறையில் அவள் எதற்கும் அஞ்சவில்லை. யாராவது பார்த்துவிட்டால் என்னவாகும் என்று பதறுகிறவன் அவன்தான். எல்லாம் தெரிந்து வந்தவளுக்கு அவனால் அன்றிரவு ஒரு பதிலைக்கூடச் சொல்ல முடியவில்லை. பிறகு பட்டணம் போய், அவளை விலக்கிக் கடிதம் எழுதுகிறான். எழுதியதற்கு வருந்தித் திரும்புகிறான். அவள் மறுத்ததும் நெற்றியில் அடித்துக் காயப்படுத்துகிறான்.

அந்த அடி விழுந்தபோது பின்னால் ஒரு பெண் பிள்ளை உரக்க ஏதோ சொன்னாள். பல்கலைக்கழகத்தில் படிப்பவள், எங்கள் தெருக்காரி. பர்மியத்தில் அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால், “இவனுக்கா அழப்போறீங்க?” என்று வரும். முன் வரிசையில் எவரும் திரும்பி அவளை அதட்டவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன். அந்தத் தழும்பைக் காதலின் அடையாளம் என்று கொண்டாடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. எனக்கு அது ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை. படத்துக்கு மூலமான சரத்சந்திரரின் வங்க நாவலில் அவன் தூண்டில் கோலால் அடிக்கிறான். அடித்துவிட்டு, நிலவுக்கும் களங்கம் உண்டு என்ற வகையில் நியாயமும் பேசுகிறான். எழுதியவர் அந்த நியாயத்தை நம்பச் சொல்லி நம்மை வற்புறுத்தவில்லை. தேவதாசின் கோழைத்தனத்தை மறைக்க நாவலில் எங்கும் முயற்சி இல்லை. ஆகவே அந்தப் பெண் கேட்ட கேள்வி படத்தைப் புரிந்துகொள்ளாத ஒருத்தியின் கேள்வி ஆகாது. சரத்சந்திரரே தம் நாயகனை அவள் பார்த்த கண்ணோடுதான் பார்த்திருக்கிறார்.

எங்கள் ஊரில் வாழ்ந்தவர்

சரத்சந்திர சட்டோபாத்யாய் எங்கள் ஊரில் வாழ்ந்தவர். படம் தொடங்குமுன் நான் பேசிய சில நிமிடங்களில் இதைச் சொன்னதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. சற்று நேரத்தில் “தேவதாஸ் ரங்கூன்ல எழுதின கதையாம்” என்று அது வரிசை வரிசையாகப் பரவியது. அது அப்படி அன்று. அவர் 1903இல் இங்கே வந்தார், 1916இல் திரும்பிப் போனார். ‘தேவதாஸ்’ அவர் இங்கு வருவதற்கு முன்பே, இளம் வயதில் எழுதி வைத்தது. அச்சாகி வந்தது 1917இல், அவர் இங்கிருந்து போன பிறகு. ஊர்ப் பெருமைக்காக ஆண்டுகளை நகர்த்தி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை என்பதால் அதை மேடையிலேயே திருத்திச் சொன்னேன்.

இருந்தாலும் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை ஒதுக்கிவிட்டு அவரைப் படிக்க என்னால் முடிவதில்லை. அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. குடியிருப்பு ஆலைத் தொழிலாளிகளும் மிஸ்திரிகளும் நெருக்கி வாழ்ந்த பஸுன்டவுங் பக்கம். அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பார், ஓமியோபதி மருந்து கொடுப்பார். ரங்கூனைப் பிளேக் வாட்டிய காலம் அது. அவருடைய மனைவி சாந்தி தேவியும் கைக்குழந்தையும் அந்த நோய்க்கே இரையானார்கள். 1912இல் வீடு தீப்பற்றி, அவர் எழுதி வைத்திருந்த பக்கங்களும் சேர்த்திருந்த நூல்களும் சாம்பலாயின. இன்று நாங்கள் காய்கறி வாங்கப் போகும் தெருக்களில் இவையெல்லாம் நடந்தன. கப்பலில் வந்து இறங்கிய கூலிகளைப் பிளேக் அச்சத்தில் அடைத்து வைத்த கொடுமையை ‘ஸ்ரீகாந்தன்’ நாவலின் ரங்கூன் பயணப் பகுதியில் அவர் எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் எங்கள் பாட்டன்மார் எத்தனை பேர் நின்றார்களோ தெரியாது.

‘தேவதாஸ்’ நாவலின் கடைசிப் பத்தியை இந்த வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. அங்கே எழுத்தாளர் வெளிப்படையாக வாசகர் முன் வந்து, இவன் பாவி, தன்னையே அடக்கத் தெரியாதவன், ஆனாலும் இவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். சாவு எவருக்கும் வரும். வரும் வேளையில் அன்பான ஒரு கை நெற்றியைத் தொட வேண்டும், ஒரு கண்ணிலாவது தனக்காக நீர் துளிர்ப்பதைக் கண்டுவிட்டுச் சாக வேண்டும் என்பதே அந்த வேண்டுதலின் சாரம். இளம் வயதில் இதை எழுதிய அவர், பிற்பாடு ரங்கூனில் யார் யார் நெற்றியைத் தொட்டு வழியனுப்ப நேர்ந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பத்தி கனத்துப் போகும். நாவலில் காதலைவிடப் பெரிய துயரமாக நிற்பது தனிமைச் சாவு. சாதி தெரியாத பிணமென்று ஊரார் தொட மறுக்க, சண்டாளர் சாதியினர் தூக்கிப் போய்ப் பாதி எரிந்தும் எரியாமலும் விட்டுவிடுகிறார்கள். பார்வதிக்குச் செய்தி எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

வண்டி போய்க்கொண்டிருந்தபோது

ரங்கூனில் இப்போது மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. எங்கள் பகுதியின் முறை படம் முடியும் வரை இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம், கணக்கு தப்பியது. ரயிலை விட்டு இறங்கிய தேவதாஸ், பார்வதியின் ஊருக்கு மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருக்கிறான். சாவதற்குள் அவள் வாசலுக்கு வருவேன் என்று கொடுத்த வாக்கு ஒன்றுதான் அவனிடம் மிச்சம். அந்த இடத்தில் திரை இருண்டது. ஜெனரேட்டரைக் கிளப்பப் பையன்கள் ஓடினார்கள். அது முதலில் கிளம்பவில்லை. கைப்பேசி விளக்குகள் அங்கங்கே எரிய, இருட்டில் பேச்சு தொடங்கியது.

முன்பு குரல் கொடுத்த அதே பெண் இப்போது தமிழிலேயே கேட்டாள்: “இவ்வளவு நாள் குடிச்சுட்டுக் கிடந்தவன் கடைசியில எதுக்கு இவ வீட்டு வாசலுக்குப் போறான்? செத்த பிறகும் அவளுக்குத்தானே அசிங்கம்?” கேட்டது சயாமாவிடம். பதில் வந்தது முன் வரிசையிலிருந்து. தெருவில் எல்லாருக்கும் அப்பத்தாவான மூதாட்டி ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “போறான்ல. அது போதும். எங்க அண்ணன் வாசல் வரைக்கும் வந்துச்சு. நான்தான் பார்க்கலை.”

அவருடைய அண்ணனின் கதை எங்களில் மூத்தவர்கள் சிலருக்குத் தெரியும். இளையவர்கள் எவருக்கும் தெரியாது. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் தேசியமயமானபோது அவர்கள் குடும்பத்தின் சிறிய மளிகைக் கடையும் போயிற்று. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மூட்டை கட்டி வைத்திருந்த பணமும் போயிற்று. அந்த ஆண்டுகளில் மூன்று இலட்சத்தை ஒட்டிய இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கப்பல் ஏறினார்கள்; நகைகளைக் கூடக் கொண்டு செல்ல விடவில்லை. ‘நீ முன்னால் போய் ஊரில் ஓர் இடம் பார், நாங்கள் பின்னால் வருகிறோம்’ என்று தகப்பனார் மூத்த மகனை அனுப்பி வைத்தார். சிவகங்கைப் பக்கத்துச் சொந்த ஊர் அந்த இளைஞனுக்கு வேற்றூர். அங்கே வேலையும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்கு நேர்ந்ததுதான் அவருக்கும் நேர்ந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் நில வழியாக வீடு திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தாமு, அந்தப் பக்கம் மோரே. எல்லையில் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிப் போகவும் ஊர் இல்லாமல் பலர் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழர் குடியிருப்பும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன. அப்பத்தாவின் அண்ணன் அப்படித் தங்கியவர்களில் ஒருவர். 1995இல் மோரே வழியாக எல்லை வணிகம் தொடங்கி ஆட்கள் போய்வர ஆரம்பித்ததற்கு முன்பே அவர் அங்கே காலமாகிவிட்டார்.

இதையெல்லாம் அப்பத்தா அன்று விரித்துச் சொல்லவில்லை. அந்தப் பெண் எழுந்து முன் வரிசைக்கு வந்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். “அவரு தாமு வரைக்கும் வந்துட்டாருன்னா நீங்க போய்ப் பார்த்திருக்கலாமே அப்பத்தா?” என்றாள். அப்பத்தா தம் சுருக்குப் பையைத் தடவினார். அதில் இப்போதும் ஏதோ ஓர் அட்டை இருப்பது போல. “என்கிட்ட இருந்தது வெளிநாட்டார் அட்டை. அதை வச்சுக்கிட்டு ஊரைத் தாண்டணும்னா அனுமதி வாங்கணும். அதுவும் எல்லைக்கா? அப்பா அனுமதி கேக்கவே பயந்துட்டாரு. கேட்டா இருக்கிறதையும் பிடுங்கிட்டு அனுப்பிருவாங்கன்னு” என்றார். இந்த மண்ணிலேயே பிறந்தவருக்கு வெளிநாட்டார் என்று பதிவு. அந்தப் பெண்ணுக்கு இது புதிது. அவள் தலைமுறைக்கும் அட்டைத் துன்பங்கள் உண்டு, வேறு நிறத்தில். ஆனால் அப்பத்தா எதனால் எங்கும் போகாமல் இருந்தார் என்று அதுவரை அவள் யோசித்ததில்லை போலும்.

ஜெனரேட்டர் கிளம்பியது. படம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்தப் பெண் பின் வரிசைக்குத் திரும்பிப் போகவில்லை.

கதவை யார் மூடினார்கள்

கடைசிக் காட்சியைப் பற்றிச் சினிமா வரலாறு அறிந்தவர்கள் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பார்வதி ஓடி வர, அவள் முன்னால் பெரிய கதவு மூடப்படும் அந்தக் காட்சி நாவலில் இல்லை. நாவலில் அவள் வெளியே ஓடுகிறாள், வீட்டார் தடுக்கிறார்கள், மயங்கி விழுகிறாள். 1935இல் வங்காளத்தில் பிரமதேஷ் பருவா தாமே நடித்து இயக்கிய படத்தில்தான் கதவு வந்தது. பருவா இந்தியில் எடுத்த வடிவத்துக்கு ஒளிப்பதிவு செய்த பிமல் ராய் 1955இல் தாமே இந்தியில் எடுத்தபோதும் கதவு இருந்தது. வேதாந்தம் ராகவய்யா தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த எங்கள் படமும் அந்த வழியில் வந்ததுதான். ஒருவர் கண்டுபிடித்த கதவை அடுத்தடுத்து வந்த எவரும் கைவிடவில்லை. இதைப் படமெடுப்பவர்களின் வசதி என்று கருதுவோர் உண்டு. என் எண்ணம் வேறு. பார்வையாளர்களே அந்தக் கதவைக் கைவிட விடவில்லை. நாவலைப் படிப்பவருக்கு மரத்தடியில் கிடக்கும் உடல் போதும். அரங்கில் கூட்டமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஓடி வரும் ஒருத்தி வேண்டும், அவளைத் தடுக்கும் ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்தவன். ஆனால் கதவு மூடப்படும்போது நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தது அன்றுதான். வெளியே கிடப்பவனோடு இருந்த நம்மைப் படம் கடைசியில் அவனிடமிருந்து பிரித்து, ஓடி வருகிறவளோடு வீட்டுக்குள் நிறுத்தி வைக்கிறது. சாவித்திரி அந்த ஓட்டத்தை ஓடும் விதத்தில் அழகு எதுவும் இல்லை. சேலை தடுக்க, கை எதையாவது பற்றத் தேட, மேட்டுக்குடி மருமகளின் நடை முழுவதும் உதிர்ந்து, சிறு வயதில் அவனோடு ஓடிய கால்களால் ஓடுகிறார். அவரைப் பெரிய நடிகையாக நாடு அறிந்துகொண்டது இந்தப் படத்தில்தான். அந்த ஓட்டம் ஒன்றே அதற்குப் போதும். அன்று முன் வரிசையில் எழுந்த விம்மல் அவர் ஓடத் தொடங்கியபோது எழுந்தது. தேவதாஸ் தலை சாய்ந்தபோது எழவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அவன் இறந்த கணத்தில் மண்டபம் அமைதியாக இருந்தது. ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது கூடக் கேட்டது.

பர்மாவில் தங்கிவிட்ட தமிழர்கள் நாங்கள் உள்ளே இருந்தவர்கள். போனவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்: 1942இல் மலையும் காடுமாக நடந்தவர்கள், 1964க்குப் பின் கப்பலில் போய்ச் சென்னையின் வியாசர்பாடியிலும் பிற ஊர்களிலும் பர்மா காலனிகளில் குடியேறியவர்கள். அவர்கள் துயரம் பெரிது. அது எழுதப்பட வேண்டியதே. போகாமல் இருந்தவர்களுக்கும் ஒரு துயரம் உண்டு. வெளியே யாரோ வந்திருப்பதாகச் செய்தி வரும். மாதம் கழித்துக் கடிதம் வரும். அதில் பெயர் தெரியும். எழுந்து ஓட முடியாது. பெகூவில், தட்டோனில், மௌலமியானில், எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் அப்படி ஒரு பெயர் கிடைக்கும். எங்கள் மூதாட்டிகள் பார்வதிக்கு அழுதார்கள். காதலுக்கு அழுதார்கள் என்று சொல்லி அதைச் சிறியதாக்க எனக்கு மனமில்லை. அடித்தவனுக்காக அழமாட்டேன் என்று சொன்ன பிள்ளைகளும் தொடக்கத்திலிருந்து பார்வதியின் பக்கம்தான் நின்றார்கள். பெரியவர் இரண்டு கூட்டம் என்று கண்டது உண்மையில் ஒரே ஆளைச் சுற்றி நின்றவர்கள். ஒரு கூட்டத்தார் அவளை அவனிடமிருந்து காக்க நினைத்தார்கள்; மற்றவர்கள் அவளுக்குக் கதவைத் திறந்துவிட நினைத்தார்கள்.

படம் முடிந்து விளக்கு வந்த பிறகும் அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. பந்தி பரிமாறும் இடத்தில், கையில் தட்டோடு, அப்பத்தாவிடம் வழக்காடிக்கொண்டே இருந்தாள். கதவை மூடியவர்கள் மேல் மட்டும் கோபப்பட்டால் போதுமா, அன்றிரவு அறைக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பினானே, அதுதானே முதல் கதவு என்றாள். அப்பத்தா இதை மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, “அதுவும் கதவுதான். அவன் மூடினது” என்று ஒப்புக்கொண்டார். “ஆனா அவன் திரும்பி வந்தான்ல. அந்த வீட்டுக்காரங்க வரலையே” என்றார். வீட்டுக்காரருக்கு என்ன கடமை, ஊர் பேசுமே என்று நடுவில் புகுந்த ஒருவரை இரண்டு பேரும் சேர்ந்தே வாயடைத்தார்கள். பின்பு பேச்சு தேவதாசை நேசித்த தாசி சந்திரமுகிக்குத் திரும்பியது. தொழிலை விட்டு, நகையை விற்று, அவனைத் தேடி அலைந்தவளுக்குக் கடைசிக் காட்சியில் ஓர் இடம்கூட இல்லையே என்று அப்பத்தாவே குறைப்பட்டார். அது நியாயமான குறை என்றே நானும் நினைக்கிறேன். அவளுக்குச் செய்தி எப்படிப் போயிற்று என்பதைப் படமும் சொல்லவில்லை, நாவலும் சொல்லவில்லை. அந்தப் பெண் தமிழ் மொழிபெயர்ப்பு நாவலை என்னிடம் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கடைசிப் பக்கங்களை அப்பத்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டும்படி சொல்லியிருக்கிறேன்.